நான்கும் பதினொன்றும்

அத்தியாயம் 4

மே 14, புதன். இன்றைய தப்பு: பதினொன்றாம் நம்பர் பஸ்ஸில் பாட நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்ததில் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கிவிட்டேன். பன்னிரண்டு நிமிட நடை. ஆபீசுக்கு வந்தபோது கட்சிக்காரர் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். இனி பஸ்ஸில் படிக்கக் கூடாது.

தப்பை ஆறவிடக் கூடாது, நடந்த கையோடு எழுதிவிட வேண்டும் என்பது இந்த டைரிக்கு அவள் வைத்திருந்த விதி. மாலையில் நாளைய வேலையை எழுதிப் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் போடுவாள். மறுநாள் வேலை முடிந்தால் கட்டத்துக்குள் ஒரு டிக். ஆறு வருஷமாக இந்தப் பழக்கம். அவளுக்கு ‘நோட்டு’ என்று பெயர் விழுந்ததும் அதனால்தான். வைத்தவன் அவளுடைய சித்தப்பா.

சித்தப்பா என்றதும் நரைத்த மீசையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தாத்தாவுக்குக் கடைசியாகப் பிறந்த பிள்ளை அவன். நோட்டுக்கு இருபத்தாறு வயது, சித்தப்பாவுக்கு இருபத்து நான்கு. பூட்டுக்கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைத் துப்பறியும் நிலையத்தில் அவள் துப்பறிவாள். அவன் ஸ்கூட்டர் ஓட்டுவான், வாயும் ஓட்டுவான். இரண்டு வாரமாக ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் கிடந்ததால் வாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“வாங்க மகளே, வாங்க. அக்கா வந்து இருபது நிமிஷம் ஆச்சு. அவங்களுக்கு என் வாழ்க்கை வரலாறு முழுசையும் சொல்லி முடிச்சுட்டேன்.”

“ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே, சித்தப்பா.”

“மரியாதை! உங்கப்பன்கூடப் பொறந்தவன் நான்.”

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அக்கா சிரிக்கவில்லை. நாற்பது வயதிருக்கும். ஒரு லிஃப்ட் கம்பெனியில் புரோகிராமர்களுக்கான கையேடு எழுதுவது அவர் வேலை. எழுதத் தெரியும், ஆனால் லிஃப்டை ஓட்டும் புரோகிராம் மொழி தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள மாலை வகுப்பில் சேர்ந்து நோட்டுக்குப் பக்கத்து இருக்கையைப் பிடித்தவர். நோட்டு அங்கே சேர்ந்த காரணம் வேறு. இந்தக் காலத்துத் திருடர்கள் ஜன்னல் வழியாக வருவதில்லை என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

திங்கட்கிழமை வந்தபோது அக்கா அழுதுவிட்டு மட்டும் போனார். இன்று கையில் கையேட்டின் பக்கம் ஒன்று இருந்தது.

“நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணைம்மா. கம்பெனி என்னைத்தான் கை காட்டப் போறாங்க. அதுக்கப்புறம் போலீஸ்னு சொல்றாங்க.”

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஓர் எட்டு மாடிக் கட்டடத்தில் இரண்டாவது லிஃப்டைச் சரிபார்க்க ஒரு மெக்கானிக் போனார். ஆறாவது மாடியில் நின்றார். பலகையும் ஆறு என்றே காட்டியது. பெட்டி உள்ளே நிற்கிறது என்று நம்பி, சாவி போட்டுக் கதவைத் திறந்து காலை வைத்தார். பெட்டி நான்காவது மாடியில் இருந்தது. உயிர் தப்பிவிட்டார். இரண்டு கால்களும் முறிந்தன. இனி நடப்பாரா என்று கேட்டால் டாக்டர்கள் பேச்சை மாற்றுகிறார்கள்.

“கையேட்டைப் பார்த்துத்தான் புரோகிராம் எழுதினோம், அதுல ஒரு வார்த்தைக்குக் கொடுத்த விளக்கமே தப்புன்னு சொல்றாங்க.”

“எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லுங்கக்கா,” என்றான் சித்தப்பா. “மனுஷன் கால் ஒடியறதுக்கும் ஒரு வார்த்தைக்கும் என்ன சம்பந்தம்?”

அக்கா பெருமூச்சு விட்டார். “புரோகிராம் மொழியில ஸ்டேட்டிக்னு ஒரு வார்த்தை இருக்கு. ஒரே வார்த்தைக்கு இடத்துக்கு இடம் வேற வேற வேலை. அதையெல்லாம் ஒண்ணொண்ணா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் உதாரணம் கொடுக்கிறதுதான் என் பொழப்பு. ஒரு வாட்ச்மேன் இருக்கார்னு வைங்க. வர்றவங்களை எண்ணி நோட்டுல எழுதறார். தினமும் புது நோட்டு வாங்கி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்காம, நேத்து விட்ட இடத்துல இருந்தே எழுதினார்னா அது ஸ்டேட்டிக்கோட முதல் வேலை. அந்த நோட்டை அடுத்த கட்டடத்துக்காரங்க பார்க்க முடியாதபடி ரூமுக்குள்ள பூட்டி வைக்கிறது ரெண்டாவது வேலை.”

“மூணாவது?”

“பத்து வாட்ச்மேன் இருந்தாலும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே நோட்டு. யார் எழுதினாலும் அதுலதான். ஆனா இந்தப் பக்கத்துல அப்படியே தலைகீழா, ஆளுக்கொரு தனி நோட்டுன்னு போட்டிருக்கு. அதை நம்பி லிஃப்ட் எந்த மாடியில இருக்குங்கிற கணக்கை அதுல வச்சிருக்காங்க.”

நோட்டு மெதுவாகச் சொன்னாள். “ரெண்டு லிஃப்ட், ஒரே நோட்டு. முதல் லிஃப்ட் ஆறுன்னு எழுதினதும் ரெண்டாவது லிஃப்டும் தான் ஆறுல இருக்கிறதா நெனச்சுக்கிச்சு.”

“எங்க அண்ணன் சாப்பிட்டா எனக்கு ஏப்பம் வந்த மாதிரி,” என்றான் சித்தப்பா. யாரும் சிரிக்காததைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

அக்கா தாளை மேஜைமேல் வைத்து விரலால் தட்டினார். “இதை நான் எழுதலம்மா. கையேட்டுல மொத்தம் நாப்பது உதாரணம். நம்பர் வேணுங்கிற இடத்துல எல்லாம் நான் மூணும் ஏழும்தான் போடுவேன். ஒண்ணு, ரெண்டுன்னு போட்டா விடை தற்செயலாச் சரியா வந்துடும்னு ஒரு பயம். முப்பத்தொன்பது இடத்துல மூணும் ஏழும். இது ஒண்ணுலதான் வேற.”

நோட்டு பார்த்தாள். முதல் லிஃப்ட் மாடி 4. இரண்டாவது லிஃப்ட் மாடி 11. கீழே, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தால் வரும் விடை என்று அச்சாகியிருந்தது: 4, 11.

“ஓட்டிப் பார்த்திருந்தா 11, 11ன்னு வந்திருக்கும்,” என்றாள் உடனே. “ஒரே நோட்டுல கடைசியா எழுதினதுதானே நிக்கும்? இதை யாரோ ஓட்டாமலே எழுதியிருக்காங்க.”

சொன்ன பிறகு உள்ளுக்குள் ஏதோ நெருடியது. அவ்வளவு வேகமாகத் தனக்கு எப்படித் தெரிந்தது? ஆனால் அவளுக்கு எதைப் பார்த்தாலும் நெருடும். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போகிறவள். நெருடலை ஒதுக்கிவிட்டு எழுதிக்கொண்டாள்: 4, 11. யாருடைய எண்கள்?

லிஃப்ட் கம்பெனியின் பட்டறை ஒரு பழைய கிடங்கு. நடுவில், சுற்றிலும் சுவரே இல்லாமல், இரும்புச் சட்டத்துக்குள் ஒரு சோதனை லிஃப்ட் நின்றது. மூன்று தட்டு. எண்ணெயும் ரப்பரும் கலந்த வாடை. ஓரத்துக் கண்ணாடி அறையில் இருந்த தலைமைப் புரோகிராமரை எல்லோரும் ‘தலை’ என்றே அழைத்தார்கள். முப்பத்தைந்து வயது. தலை பல நாளாகத் தூங்கவில்லை என்று கண்கள் சொல்லின.

“அரை மணி நேரம் தர்றேன், மேடம். நாளைக்கு எனக்கும் விசாரணை.”

நோட்டு சுவர்ப் பலகையைப் பார்த்தாள். அவர் கைப்பட எழுதிய உதாரணங்கள். 10, 20. 10, 20, 30. ஒரு 4 இல்லை, ஒரு 11 இல்லை. சித்தப்பா கம்ப்யூட்டர் திரையின் விளிம்பில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைக் குனிந்து படித்தான்.

“சார், இது கடவுச்சொல்லா, இல்ல அலங்காரமா?”

தலையின் காது மடல் சிவந்தது. “கையேட்டுக்குள்ள போறதுக்கு எல்லாருக்கும் அது ஒண்ணுதான்.”

“அப்போ யார் வேணும்னாலும் அக்கா பேர்ல பக்கத்தை ஏத்தலாம்?” என்றாள் நோட்டு.

“ஏத்தலாம்.”

“நீங்களும்?”

“நானும். டீ வாங்கிட்டு வர்றவரும்.” அவர் நாற்காலியைத் திருப்பி ஒரு பட்டியலை எடுத்துக் காட்டினார். “ஆனா இதைப் பாருங்க. பக்கம் ஏறினது பிப்ரவரி ஏழு, சாயங்காலம் அஞ்சு நாப்பது. நான் லிஃப்ட் புரோகிராமை எழுத ஆரம்பிச்சது பிப்ரவரி இருபது. தப்பு பண்ணிட்டு அதை மறைக்கப் பக்கத்தை மாத்தினேன்னு நெனைக்கிறீங்க. தப்பு பண்றதுக்குப் பதிமூணு நாள் முன்னாடியே மறைச்சு வைக்க நான் என்ன ஜோசியக்காரனா?”

“தேதியையும் மாத்தலாமே, தலை,” என்றான் சித்தப்பா.

“மாத்தலாம் தம்பி. ஆனா இந்தப் புரோகிராம் ஓடின கட்டடம் மொத்தம் மூணு. மூணாவதுல ஆறாவது மாடியில எங்கம்மா இருக்காங்க. தெரிஞ்சே எழுதிட்டு அவங்களை அதுல ஏத்தி எறக்கியிருப்பேனா?” குரல் லேசாக உடைந்தது. “செய்தி வந்த அன்னிக்கு மத்த ரெண்டு இடத்துலயும் நானே போய் லிஃப்டை நிறுத்தினேன். அம்மா படியில ஏறும்போது என்னைத் திட்டினாங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் திட்டட்டும்னு நின்னேன்.”

கண்ணாடிக்கு வெளியே சோதனை லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நோட்டு அதையே பார்த்துக்கொண்டு கேட்டாள். “ரெண்டு லிஃப்டை ஒண்ணா எங்க சோதிப்பீங்க?”

தலையும் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். “இங்க இருக்கிறது ஒண்ணுதான்.”

ஒரே ஒரு லிஃப்டுக்கு ஒரே ஒரு நோட்டு போதும். எத்தனை நாள் ஓட்டினாலும் அந்தத் தப்பு இந்தக் கிடங்கில் தலை காட்டாது. நோட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் சித்தப்பா ஜன்னலோரம் பிடித்துக்கொண்டான். “ஒண்ணு, இந்த ஆள் பிரமாதமா நடிக்கிறான். இல்லேன்னா நடிக்கவே தெரியாத நல்லவன். எதுவா இருந்தா என்ன? அந்த மஞ்சள் சீட்டு ஒண்ணு போதும், அக்காவை வெளியே எடுத்துடலாம். எவன் வேணும்னாலும் ஏத்தியிருக்கலாம்னு சொன்னா முடிஞ்சுது.”

“எவன் வேணும்னாலும்னு சொன்னா எல்லாரும் அவரைத்தான் பார்ப்பாங்க, சித்தப்பா.”

“பார்க்கட்டும். கண்ணு அவங்களோடது.”

“எட்டு மாடிக் கட்டடம், மூணு தட்டுச் சோதனை லிஃப்ட். இங்க யாருக்கும் பதினொண்ணு ஞாபகத்துக்கு வராது. அந்த நம்பர் வெளியில இருந்து வந்திருக்கு.”

அவன் பையில் போன் அடித்தது. ஸ்கூட்டர் மெக்கானிக். ஒருவழியாக வண்டி தயாராகிவிட்டது, வீட்டிலேயே கொண்டுவந்து விடுகிறேன், வழி சொல்லுங்கள் என்கிறார் போலிருந்தது.

“ரொம்ப சுலபம் அண்ணே,” என்று சித்தப்பா பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். “பதினொண்ணாம் நம்பர் பஸ் நிக்குமில்ல, அந்த ஸ்டாப்புக்கு நேர் எதிர்ல. நாலாம் நம்பர் வீடு. நாலு, பதினொண்ணு. மறந்துடாதீங்க!”

நோட்டு உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தாள்: 4, 11.

வீட்டுக்குள் போனதும் அவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து பழைய பாட நோட்டை எடுத்துப் புரட்டினாள். ‘ஸ்டேட்டிக்: பயன்பாடுகள்’ என்ற தலைப்பு. மூன்றாவது பயன்பாடு. அவளுடைய அழகான, சீரான கையெழுத்து: ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. முதல் லிஃப்ட் 4. இரண்டாவது லிஃப்ட் 11. விடை: 4, 11. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே: 11, 11.

“லிஃப்டுன்னு ஏன் எழுதின?” என்றான் சித்தப்பா, தோளுக்கு மேலாகப் பார்த்து.

“அக்கா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. அவங்க வேலை லிஃப்டாச்சேன்னு அதையே உதாரணமா எடுத்துக்கிட்டேன். நம்பர் தானா வந்துச்சு.”

டைரியைத் திறக்க அவளுக்குப் பயமாக இருந்தது. திறந்தாள்.

பிப்ரவரி 6. இன்றைய தப்பு: இல்லை. பாட நோட்டை அக்கா வாங்கிப் போனார். காலையில் பஸ் ஸ்டாப்பில் தருவார்.

பிப்ரவரி 7. பாட நோட்டு திரும்பி வந்தது. இன்றைய தப்பு: மூன்றாவது பயன்பாட்டை நேற்று ஓட்டிப் பார்க்காமல் எழுதியிருக்கிறேன். இன்று வகுப்பில் ஓட்டினால் 11, 11. சிவப்பில் திருத்தினேன். அக்கா இன்று வகுப்புக்கு வரவில்லை. நாளைய வேலை: அக்காவிடம் மூன்றாவது தப்பு என்று சொல்ல வேண்டும்.

பக்கத்தில் ஒரு கட்டம். கட்டம் காலியாக இருந்தது.

ஆறு வருஷத்து டைரியில் காலிக் கட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இது ஏன் காலி? மறுநாள் மாலை கண் முன்னால் வந்தது. கையேடு முடிந்துவிட்டது என்று அக்கா வகுப்பில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டு வந்தார். அவ்வளவு சந்தோஷத்தில் இருப்பவரிடம் போய், என் நோட்டில் தப்பு இருக்கிறது என்று சொல்ல நோட்டுக்கு வெட்கமாக இருந்தது. அதோடு இன்னொரு சமாதானமும் கிடைத்தது. அக்காதான் எதையும் ஓட்டிப் பார்க்காமல் எழுத மாட்டாரே. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள்.

சித்தப்பா டைரியைத் தன் பக்கம் இழுத்துப் படித்தான்.

“இந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சுட்டா யாருக்கும் தெரியாது,” என்றான் கடைசியில். குரலில் விளையாட்டு இல்லை. “நீ தப்பிச்சே, அக்காவும் தப்பிச்சாங்க. மஞ்சள் சீட்டு பாத்துக்கும்.”

“அப்போ தலை?”

அவன் டைரியை மூடி அவளிடமே கொடுத்தான்.

அக்கா வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. அக்கா நாளைக்குக் கட்ட வேண்டிய புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். உள்ளறையில் பிள்ளைகள் டிவி பார்க்கும் சத்தம். “யாருன்னு கண்டுபிடிச்சுட்டியா? அந்தத் தலைதானே?” என்று இஸ்திரிப்பெட்டியை அணைத்து நிமிர்த்தி வைத்தார்.

நோட்டு பாட நோட்டைத் திறந்து இஸ்திரி மேஜையின் மேல், புடவைக்குப் பக்கத்தில் வைத்தாள். “இந்த நம்பர் என்னுதுக்கா. என் வீடு நாலு. என் பஸ் பதினொண்ணு.”

அக்கா பக்கத்தைப் பார்த்தார். முதலில் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கை தானாக நாற்காலியைத் தேடியது.

“ஆறு மணிக்குள்ள நாப்பதும் போகணும்,” என்றார், யாரிடமோ சொல்வதுபோல. “மத்தியானத்துல இருந்து மெஷின் தகராறு. ஒண்ணே ஒண்ணு பாக்கி. முந்தின நாள் ராத்திரி உன் நோட்டைப் பார்த்து ஒரு தாள்ல குறிச்சு வச்சிருந்தேன். அதை அப்படியே... கடவுளே. எனக்குச் சத்தியமா ஞாபகமே இல்லம்மா. முப்பத்தொன்பது ஓட்டினேன். நாப்பதும் ஓட்டினதா மனசு பதிஞ்சு போச்சு.”

“அக்கா...”

“உன் கையெழுத்துல இருந்துச்சேம்மா. நீ ஓட்டிப் பார்க்காம எழுத மாட்டேன்னு நம்பினேன்.”

நோட்டு அந்தச் சிவப்புக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். “நீங்க ஓட்டிப் பார்க்காம போட மாட்டீங்கன்னு நான் நம்பினேன்க்கா. தப்புன்னு மறுநாளே தெரியும். சொல்லணும்னு எழுதிக்கூட வச்சேன். சொல்லல.”

உள்ளே டிவியில் யாரோ கை தட்டினார்கள். சூடான இஸ்திரிப்பெட்டி மெல்ல டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

அக்கா நிமிர்ந்தார். கண்ணில் இப்போது வேறு ஒரு வெளிச்சம். “இந்த நோட்டு வேற யாருக்காவது தெரியுமா?”

“எனக்குத் தெரியும்,” என்றான் வாசலில் நின்ற சித்தப்பா.

“கடவுச்சொல் எல்லாருக்கும் பொதுன்னு மட்டும் நீ நாளைக்குச் சொன்னா போதும்மா. யார் மேலயும் பழி போட வேணாம். சந்தேகம்னு சொன்னா போதும். எனக்கு ரெண்டு பிள்ளைங்க.”

“அவருக்கு ஒரு அம்மா, ஆறாவது மாடியில,” என்றாள் நோட்டு. சொல்லும்போதே அழுகை வந்தது. “அந்த மெக்கானிக்குக்கு யார் யாரோ.”

அக்கா பாட நோட்டை மூடி அவள் பக்கம் தள்ளினார். கோபமா, சம்மதமா என்று நோட்டுக்குப் புரியவில்லை. அக்கா பிள்ளைகள் இருந்த உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார். “அப்போ நாளைக்குப் பத்து மணிக்கு நான் என்ன சொல்லணும்?”

“நீங்க உடனே எதுவும் சொல்ல வேணாம். முதல்ல நான் பேசறேன். என் தப்பைச் சொல்றேன். அங்க இருக்கிறது ஒரே ஒரு சோதனை லிஃப்ட்னும் சொல்றேன். அதுக்கப்புறம் உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க.”

அக்கா எழுந்து இஸ்திரிப்பெட்டியின் ஸ்விட்சை மறுபடி போட்டார். பாதிப் புடவை இன்னும் சுருங்கியே கிடந்தது.

தெருவில் இறங்கியதும் சித்தப்பா பாட நோட்டை அவள் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டான். “நாளைக்கு நானும் வர்றேன். ஸ்கூட்டர் வந்துடுச்சு. பஸ்ஸை நம்பினா நீ முந்தின ஸ்டாப்புலயே எறங்கிடுவே.”

“நீ எதுக்கு, சித்தப்பா?”

“உங்கப்பன்கூடப் பொறந்தவன் வேற எதுக்கு?”

தெருவிளக்கின் கீழே நின்று நோட்டு டைரியைத் திறந்தாள்.

மே 14, புதன், மாலை. இரண்டாவது தப்பு: இன்றையது இல்லை, பிப்ரவரி 8-ஆம் தேதியுடையது. அன்று சொல்லியிருக்க வேண்டும்.

நாளைய வேலை: காலை பத்து மணி, விசாரணை. பாட நோட்டு, இந்த டைரி, இரண்டையும் கொண்டுபோக வேண்டும். அவர்கள் கண் முன்னால் அந்த உதாரணத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். முதலில் நான் பேச வேண்டும். ☐